கால் வைக்க இடமில்லாத ராஜ வாகனம்!

மயிலாப்பூர் மாட வீதியில் பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்று ஊர்ந்து வந்தால் யார்தான் நின்று பார்க்க மாட்டார்கள்? பின் ஸீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம். ஆனால் ஓட்டுகிறவர் பாடு? ஸ்டியரிங் சக்கரம் தொடையில் இடிக்கும். பாதம் புரளக்கூட இடமிராது!

சென்னைத் தெருக்களில் 1901-ல் கார் ஓடத் தொடங்கியது. பாரி கம்பெனி டைரக்டர் யார்க் என்பவர் அடையாற்றிலிருந்து தினமும் காரில் ஆபீஸ் போய் வந்தார். அக்காலத்துச் சொகுசுக் கார்கள் முதலாளியின் சௌகரியத்தை உத்தேசித்தே கட்டப்பட்டவை. இரண்டாம் உலக யுத்தம் வரை ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி எஞ்சினையும் அடிச்சட்டத்தையுமே விற்றது. மேல்கூட்டை வேறு கம்பெனிகள் கட்டின. பின்னால் இடம் பெருக, டிரைவரின் முதுகுக்குப் பின் கண்ணாடித் தடுப்பு வந்தது. அப்புறம் அவர் ஸீட்டைப் பின்னுக்குத் தள்ளுவது எப்படி?

நடுவில் இருக்கும் ஆபத்து

இன்னொரு விஷயம் உயிரைப் பற்றியது. பழைய பென்ட்லி போன்ற பல கார்களில் ஆக்ஸிலரேட்டர் நடுவில் இருக்கும். பிரேக் வலது பக்கம். இன்றைய காரில் பழகியவர் பாண்டி பஜார் கூட்டத்தில் பதறி நடு மிதியை அழுத்தினால், கார் நிற்காது, பாயும்! ஆகவே, ஆளில்லாத மைதானத்தில் பல நாள் பழகிய பிறகே தெருவுக்கு வரவேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் தரை விரிப்பைப் பாருங்கள். புதிதாகப் போட்ட தடித்த விரிப்பு மிதிகளை முழுதும் இறங்கவிடாது. அடுத்தது பாதரட்சை: அகலமான பூட்ஸ் இரண்டு மிதிகளை ஒருங்கே அழுத்திவிடும். குறுகலான, மெல்லிய அடி கொண்டதே உகந்தது.

மூன்றாவது, ஸீட். மெத்தையின் கனத்தைக் குறைத்தால் தொடைக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி கிடைக்கும். சாய்மானத்தின் திணிப்பைக் குறைத்தால் கால் நீட்ட இடம் கிடைக்கும். ஸ்டியரிங் தண்டின் சாய்வைச் சில கார்களில் மாற்றலாம். ஆனால் அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை. கீழேயுள்ள பெட்டியையும் தளர்த்தாமல் தண்டை மட்டும் வளைத்து இழுத்தால் சக்கரம் இறுகிவிடும். சிறிய சக்கரம் மாட்டினால் இடம் கிடைக்கும். ஆனால் திருப்பத் தோள்பலம் வேண்டும்.

பிரேக் மிதியின் தண்டை அறுத்து ஒட்டவைப்பது மட்டும் கூடவே கூடாது. ஒட்டு விட்டால் உயிர் போகும். கழற்றிய பழைய சாமான்களைப் பத்திரப்படுத்துங்கள்.

வடபழனியில் 2023-ல் திறக்கப்பட்ட ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகத்தில் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே போகிறவர்கள் பளபளப்பை மட்டும் பார்த்துத் திரும்பாமல், டிரைவர் ஸீட்டுக்கு முன்னால் இருக்கும் இடத்தையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும். முதலாளியின் சுகத்துக்காகக் கால் மடக்கி உட்கார்ந்த மனிதரின் நினைவு வரும்!