கனியும் கார்பைட் கல்லும்

சிவகாசி வட்டாரத்து எம். புதுப்பட்டி வாசிகளுக்கு ரசாயனத்தின் சக்தியைப் பற்றி நாம் உபதேசிக்க வேண்டுவதில்லை. பட்டாசு மருந்தைக் கையாளுவதில் ஒரு கணத் தவறு என்ன செய்யும் என்பதை அவர்கள் கண்கூடாக அறிந்தவர்கள். ஆயினும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோப்புகளின் மாங்கனி சந்தைக்கு வரும்போது, அது எதனால் பழுத்தது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

மா, வாழை, பப்பாளி, தக்காளி முதலியவை முற்றியதும் எத்திலீன் என்னும் வாயுவைத் தாமே உண்டாக்குகின்றன. பழுக்கும் ஆப்பிள் இவ்வாயுவை வெளியிடுகிறதென்று 1934-ல் ரிச்சர்ட் கேன் என்னும் ஆங்கில விஞ்ஞானி நிரூபித்தார். இதை உண்டாக்கும் கட்டளை காயின் ஜீன்களிலேயே இருக்கிறது. சிறிது எழுந்த வாயு மேலும் எழும்படி தூண்டுகிறது. அப்பால் வேறு ஜீன்கள் விழித்து, மாவுச் சத்தைச் சர்க்கரையாக்குகின்றன, பசுமையை அகற்றுகின்றன, சதையை மிருதுவாக்குகின்றன. மாங்காயை வைக்கோலில் பொதிந்தும், வாழைத்தாருக்குப் புகை மூட்டியும் நம் முன்னோர் துணைகொண்டது இவ்வாயுவையே.

கார்பைட் கல்லோ ஈரம் பட்டதும் அசெட்டிலீனைக் கக்குகிறது. எத்திலீனைப் போல் வேஷமிடும் வாயு அது. தோல் மஞ்சளாகும், உள்ளே பல சமயம் புளிப்பு மாறாது. அக்கல்லில் ஆர்ஸெனிக், பாஸ்பரஸ் கலப்பும் உண்டு. ஆகவே 2011-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகள், கார்பைட் வாயுவால் பழுக்கவைத்த பழங்களை விற்பதைத் தடுத்துள்ளன. அதற்குப் பதிலாக, பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேற்படாமல் எத்திலீன் வாயுவைச் செலுத்த 2016-ல் அனுமதியும் கிடைத்தது.

தில்லியிலுள்ள தேசிய தாவர மரபணு ஆராய்ச்சி நிலையத்தார், சதையைத் தளர்த்தும் ஜீன்களைத் தக்காளியில் அடக்கி, பழம் சுமார் 30 நாள் கூடுதலாகக் கெடாதிருக்கச் செய்ததாக 2010-ல் வெளியிட்டனர். நம்மவர் அறிவு இவ்வளவு தூரம் சென்றிருக்க, நம் சந்தை இன்னும் கல்லை நம்பியிருப்பது வெட்கக்கேடல்லவா?

சட்டம் மட்டும் போதாது. எத்திலீன் அறை கட்டச் சிறு வியாபாரிக்குப் பணமேது? பழத்தைப் பறித்துக் குப்பையில் கொட்டுவதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. சந்தைதோறும் பழுக்கவைக்கும் பொது அறை ஒன்று அமைத்து, சொற்பக் கூலிக்கு விடட்டும். ஊர்த் தொண்டர்கள் இதைத் தங்கள் கோரிக்கையாக்கி, பஞ்சாயத்து முதல் சட்டசபை வரை ஓயாமல் வற்புறுத்த வேண்டும்.

பகலெல்லாம் மருந்தோடு உழைக்கும் தொழிலாளி, மாலையில் தன் குழந்தைக்கு வாங்கிச் செல்லும் மாம்பழமாவது மருந்தின்றி இருக்கட்டும்.