தாமிரத் தடத்தில் ஒரு சைக்கிள் பிரயாணம்

கோலார் தங்கவயலில் இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் ஜான் டெய்லர் கம்பெனி என்ற பெயரை அறியாதவர் அரியர். வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் மூட்டை முடிச்சுடன் சென்ற நம் முன்னோருக்குச் சம்பளம் அளந்த நிர்வாகம் அது. 1880-இல் தொடங்கி, 1956-இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை ஏற்றுக்கொள்ளும் வரையில் அவர்கள் கொடிதான் அங்கே பறந்தது. அந்தப் பெயருக்கு மூலபுருஷரான ஜான் டெய்லர் (1779–1863), கோலாரைப் பற்றி அவர் வீட்டார் நினைப்பதற்கு வெகு காலம் முன்பே, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலில் தண்டவாளப் பாதை ஒன்று போட்டார். அதில் இன்று ரயில் இல்லை, சைக்கிள்கள் ஓடுகின்றன.

பிள்ளைகள் படிப்பையும் உத்தியோகத்தையும் முன்னிட்டுச் சீமைக்குச் சென்றிருக்கும் வீடுகள் நம்மில் பல. அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் லண்டன் அரண்மனைகளோடு திரும்பிவிடுகின்றனர். ஒரு நாள் ஒதுக்கி இந்தப் பாதையையும் கண்டு வருதல் நன்று என்பது என் துணிபு. லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ஏறினால் சுமார் ஐந்து மணி நேரத்தில் ரெட்ரூத் வந்துவிடும். பாதை அங்கிருந்து அதிகத் தூரமில்லை. சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும்.

கார்ன்வால் ஒடுங்கிய நாடு. வடகரையிலுள்ள போர்ட்ரீத் துறைமுகத்தில் புறப்பட்டுத் தென்கரையிலுள்ள டெவோரன் கழிமுகத்தில் முடியும் இந்த வழி 11 மைல்தான். நம் கணக்கில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். பெரும்பகுதியில் மோட்டார் வண்டி வாராது. சிற்சில இடங்களில் சாலையைக் கடக்க வேண்டும். சிற்றூர்த் தெருக்களில் சற்றே செல்லவும் வேண்டும். நடப்போரும் குதிரையேறி வருவோரும் இதே வழியில்தான் வருவர். ஆதலால் மணியடித்துப் பொறுமையாகச் செல்ல வேண்டும். புடவை கட்டிய அம்மாமார் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வது நல்லது. செயின் எந்த நாட்டிலும் செயின்தான்.

மலையும் பள்ளமுமான நாட்டில் இவ்வழி மட்டும் பெரிதும் ஏறி இறங்காமல் செல்வது எங்ஙனம் என்று வியக்கத் தோன்றும். குதிரைகளை உத்தேசித்து வகுத்த வழி அது. பாரம் ஏற்றிய வண்டியைக் குதிரை இழுக்க வேண்டுமானால் சரிவு மென்மையாக இருத்தல் அவசியம். போர்ட்ரீத் பக்கத்துத் தடம் 1809-இல் தொடங்கப்பட்டது. நீராவி எஞ்சின் ரயிலை இழுத்துப் புகழ்பெறுவதற்கு முற்பட்ட காலம். இரும்புத் தகடுகளைத் தாங்கிய கருங்கல் துண்டுகள், ஆணி அடித்த துளைகளுடன், இன்றும் ஆங்காங்கே தென்படுகின்றன. நாட்டின் நடுவில் வெட்டிய தாமிரக் கல் இவ்வழியே துறைமுகம் சென்று, கப்பலேறி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் உருக்கப்பட்டது. அக்கப்பல்கள் திரும்புகையில் நிலக்கரி கொணர்ந்தன. அந்த நிலக்கரி சுரங்கத்து நீரை இறைக்கும் எஞ்சின்களுக்கு இரையாயிற்று.

ஸ்கோரியரைக் கடந்து போல்டைஸ் பள்ளத்தாக்கில் இறங்கும்போது காட்சி மாறுகிறது. அதுவரை இருபுறமும் நின்ற பசுமை மறைந்து, புல்லும் முளையாத வெளிறிய மண் தோன்றுகிறது. தாமிரமும் வெள்ளீயமும் பாஷாணமும் கலந்த கழிவு அது. அதன் நடுவே கூரையிழந்த எஞ்சின் வீடுகளும், ஒற்றைப் புகைபோக்கிகளும், பாஷாணத்தைப் பிரித்தெடுத்த ஆலையின் இடிபாடுகளும் நிற்கின்றன. பழைய குழிகளின் வாயில் இரும்புக் கம்பிவலையைக் கூம்புபோல் கவிழ்த்திருக்கின்றனர். மனிதர் விழாமல் காக்கவும், உள்ளே வாழும் வௌவால்கள் தடையின்றிப் போய்வரவும் அந்த ஏற்பாடு.

இவ்வட்டாரத்துச் சுரங்கங்கள் பலவற்றின் பெயர் ‘வீல்’ என்று தொடங்கும். சக்கரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று அது. கார்ன்வாலின் பழைய மொழியில் வேலை செய்யும் இடம் என்று பொருள்படும். அம்மொழியில் சுரங்கத்திற்கு ‘பால்’ என்றும் பெயர். மேல்தளத்தில் சுத்தியலால் தாதுக்கல்லை உடைத்த பெண்களைப் ‘பால் மெய்டன்’ என்றழைத்தனர். வெள்ளை மேலாடை உடுத்தி, முகத்தை மறைக்கும் தொப்பி அணிந்து, வெயிலிலும் மழையிலும் சிறுமியரும் கல் உடைத்தனர். ஆடவர் நிலத்தடியில் வேலை முடித்த பின்னர் நூற்றுக்கணக்கான அடி ஏணி ஏறி மேலே வந்தனர். கீழே வெட்டியதைவிட மேலே ஏறியது கொடிது என்று எண்ணத் தோன்றுகிறது. 1842-இல் ட்ரெசாவீன் சுரங்கத்தில் எஞ்சினால் மனிதரை ஏற்றும் சாதனம் முதன்முதலாக அங்கே வந்தது. எல்லாச் சுரங்கங்களுக்கும் அது வாய்க்கவில்லை.

டெய்லர் கன்சாலிடேட்டட் என்ற பெருஞ்சுரங்கத்தை 1819 முதல் நடத்தியது குவென்னாப் என்னும் இவ்வட்டாரத்தில்தான். தாதுவை மலிவாகத் தென்கரைக்கு அனுப்ப வேண்டி, ரெட்ரூத் சேஸ்வாட்டர் ரயில் பாதையை 1826-இல் திறந்தார். வேடிக்கை என்னவெனில், அந்த ரயில் சேஸ்வாட்டர் ஊரைக் கடைசிவரை எட்டவேயில்லை! 1854 வரையில் குதிரை இழுத்தது. பின்னர் நீராவி எஞ்சின் வந்தது. 1915-இல் எல்லாம் நின்றது.

தாமிர விலை 1866-ஐ ஒட்டி வீழ்ந்தபோது இந்தப் பள்ளத்தாக்கு வெறிச்சோடத் தொடங்கியது. தொழிலாளர் ஆஸ்திரேலியாவுக்கும் மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறினர். ஒரு பகுதியினர் டெய்லர் கம்பெனியைத் தொடர்ந்து கோலாருக்கு வந்தனர். கார்ன்வாலில் கற்ற தொழிலுடன் மேற்பார்வைக்கு வந்தவர் அவர். நிலத்தடியில் தோள் கொடுக்க வந்தவர் நம்மவர். இருவரும் பிழைப்புக்காக ஊரை விட்டவரே. எனினும் ஒருவர் பங்களாவிலும் மற்றவர் லைன் வீட்டிலும் குடியிருந்தனர் என்பதை மறப்பதற்கில்லை.

கடைசியாக நின்ற கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கமான சவுத் க்ராஃப்டி 1998-இல் மூடப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 2001 பிப்ரவரி 28-இல், கோலாரும் மூடியது. கார்ன்வாலின் சுரங்க நிலங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ 2006-இல் ஏற்றது. கோலாரின் பழைய தடங்களையும் இவ்வாறு நடைவழியாக்கலாமே என்று நண்பர்கள் கேட்கின்றனர். ஆகலாம், ஆனால் முதலில் நஞ்சுக்கு வழி சொல்ல வேண்டும். சயனைடு மண்மேட்டுப் புழுதி காற்றில் பறந்து வீட்டுக்குள் வந்த கதையைத் தங்கவயல் மக்கள் அறிவர். அதே பாடத்தைக் கார்ன்வாலும் படித்தது.

பாதை அடுத்து கார்னன் ஆற்றை அடைகிறது. பல சுரங்கங்களின் நீரை வடிப்பதற்கென 1748-இல் வெட்டத் தொடங்கிய மாபெரும் நிலத்தடி வாய்க்கால் இந்தப் பள்ளத்தாக்கில்தான் வாய் திறக்கிறது. அருகிலுள்ள வீல் ஜேன் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டு, நீர் இறைப்பு நின்றது. நிலத்தடியில் நீர் ஏறிக்கொண்டே வந்து, 1992 ஜனவரியில் ஓர் அடைப்பை உடைத்துக்கொண்டு, உலோகம் கலந்த கோடிக்கணக்கான லிட்டர் ஆற்றில் பாய்ந்தது. ஃபால் கழிமுகம் வரையில் நீர் செம்மஞ்சளாயிற்று. பின்னர் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, பொதுப்பணத்தில் நடத்த வேண்டியதாயிற்று. சுரங்கத்தைப் பூட்டிவிட்டால் செலவு தீர்ந்தது என்பது கணக்கறியாதார் பேச்சு. சைக்கிள் கடையும் தேநீர்க் கடையும் சுரங்கம் ஊட்டிய அத்தனை குடும்பங்களையும் ஊட்டமாட்டா என்பதும் அவ்வூரார் அறிந்ததே.

பிஸ்ஸோவைத் தாண்டினால் வழி மிக எளிது. ஃபால்மத் செல்லும் ரயில் உயர்ந்த பாலத்தில் தலைக்குமேல் போகும். பக்கத்தில் நிற்கும் மொட்டைத் தூண்கள், 1863-இல் திறந்த பழைய மரப்பாலத்தைத் தாங்கியவை. அதன்பின் ரெஸ்ட்ராங்கெட் கழி விரிகிறது. ஓதம் ஏறியபோது ஏரிபோலவும், வற்றியபோது சேற்று வெளியாகவும் அது தோன்றும். கப்பல்கள் வந்த இடம் சுரங்கக் கழிவால் தூர்ந்துபோனது. அந்தச் சேற்றில் வாழும் புழுக்கள் வேறிடத்துப் புழுக்களைக் கொல்லும் அளவுத் தாமிரத்தையும் தாங்கும் இயல்பு பெற்றுவிட்டன என்று ஆராய்ந்து கண்டிருக்கின்றனர்.

டெவோரன் கரையில் கப்பலைக் கட்டிய கல் முளைகள் இன்றும் நிற்கின்றன. ஓதம் வற்றும் நேரத்தைக் கேட்டறிந்து சென்றால் சேற்றில் இரை தேடும் பறவைகளையும் காணலாம். தென்மேற்குக் காற்று சொல்லாமல் மழை கொண்டுவரும் இடம் அது, மழைக்கோட்டை மறவாதீர்.