லினக்ஸ் வழங்கியில் உடைந்த பொதிச் சார்புகளைச் சரிசெய்தல்

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு மென்பொருள் பொதியும், தான் இயங்கத் தேவையான பிற பொதிகளைத் தன் சார்புகளாக அறிவிக்கிறது. அவற்றுள் ஒன்று நிறுவப்படாமலோ, பொருந்தாத பதிப்பிலோ, பாதி நிறுவிய நிலையிலோ இருந்தால் அது உடைந்த சார்பு எனப்படுகிறது. மேசைக்கணினியில் இது ஒரு தொல்லை மட்டுமே. வழங்கியில் நிலைமை வேறு. ஒரு பொதியின் சார்பு உடைந்தால், அது சரியாகும்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட மற்ற மேம்படுத்தல்களும் நின்றுவிடக்கூடும். வலைத்தளம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருப்பதால் இது பல வாரங்கள் கவனிக்கப்படாமலே கிடக்கும்.

இக்கட்டுரை டெபியன், உபுண்டு வழங்கிகளை முதன்மையாகக் கொண்டது. கட்டளைகள் ஒலிப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில் இட வேண்டும்.

இரண்டு அடுக்குகள்

டெபியனில் பொதிகளைக் கையாள்வது ஒரு கருவி அல்ல, இரண்டு. கீழே இருப்பது டிபிகேஜி. கொடுத்த கோப்பை விரித்து வைப்பதும், அதன் நிலையைப் பதிவு செய்வதும் இதன் வேலை. பதிவேடு /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் என்ற உரைக்கோப்பில் உள்ளது. சார்பு இல்லையென்றால் டிபிகேஜி குறை சொல்லும், தேடிக் கொண்டுவராது. தேடிக் கொண்டுவருவது மேலே உள்ள ஆப்ட். இது 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1 பதிப்பில் அறிமுகமானது. பெரும்பாலான சிக்கல்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பிழை எந்த அடுக்கில் உள்ளது என்பதே. பொதி கிடைக்கவில்லை, பதிப்பு பொருந்தவில்லை என்றால் ஆப்ட் அடுக்கு. பொதி வந்துவிட்டது, ஆனால் அமைவு முடியவில்லை என்றால் டிபிகேஜி அடுக்கு.

பிழைச்செய்தியைப் படித்தல்

பலரும் செய்தியைப் படிக்காமலே 'ஆப்ட் இன்ஸ்டால் --ஃபிக்ஸ்-புரோக்கன்' என்ற கட்டளையை இட்டுவிடுகிறார்கள். பல நேரம் அது வேலை செய்யும். வேலை செய்யாதபோது கையில் இருக்கும் ஒரே துப்பு அந்தச் செய்திதான். அதில் பொதியின் பெயர், அது கேட்கும் சார்பு, அது கிடைக்காத காரணம் என மூன்று பகுதிகள் உண்டு. காரணம் மூன்று விதமாக வரும்.

'நாட் இன்ஸ்டாலபிள்' என்று வந்தால், அந்தப் பெயரில் நிறுவத்தக்க பொதி நீங்கள் சேர்த்துள்ள எந்தக் களஞ்சியத்திலும் இல்லை. பட்டியல் பழையதாக இருக்கலாம். 'ஆப்ட் அப்டேட்' செய்து பார்க்க வேண்டும். அதன்பிறகும் இல்லையென்றால் களஞ்சியம் விடுபட்டிருக்கிறது, அல்லது அந்தப் பொதி வேறு வெளியீட்டுக்காகக் கட்டப்பட்டது.

ஒரு பதிப்பு எண்ணைச் சொல்லி, 'இஸ் டு பி இன்ஸ்டால்டு' என்று வந்தால், பொதி இருக்கிறது, கேட்ட பதிப்பு இல்லை. இங்கே 'ஆப்ட் பாலிசி' என்பதுடன் பொதியின் பெயரை இட்டால், எந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்று தெரியும். நிறுவப்பட்ட பதிப்புக்கு நேரே ஸ்டேட்டஸ் கோப்பு மட்டும் காட்டப்பட்டால், அந்தப் பதிப்பு இன்று எந்தக் களஞ்சியத்திலும் இல்லை. யாரோ எப்போதோ கையால் நிறுவியதாகவோ, நீக்கப்பட்ட களஞ்சியத்திலிருந்து வந்ததாகவோ இருக்கும்.

மூன்றாவது, 'நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்டு'. குழப்பத்தில் இதுவே முதலிடம். பொதி கிடைக்கிறது, ஆனால் அதற்கும் கீழே இன்னொரு தடை உள்ளது. அதை ஆப்ட் இங்கே சொல்லவில்லை. செய்தியில் வந்த சார்பின் பெயரையும் அதே நிறுவல் கட்டளையில் சேர்த்து இட்டால் அடுத்த படி வெளிவரும். அதிலும் இதே பதில் வந்தால் அடுத்த பெயரையும் சேர்க்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று படி இறங்கினால் உண்மையான முரண்பாடு தெரிந்துவிடும்.

இறுதியில் 'ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ்' என்று முடியும் வரி, பொதியை யாரோ பிடித்து நிறுத்தியிருப்பதுபோல் தோன்றச் செய்யும். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு' என்று கேட்டால் பெரும்பாலும் பட்டியல் காலியாகவே இருக்கும். எனினும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. முன்பிருந்த நிர்வாகி ஏதேனும் ஒரு பொதியை நிறுத்தி வைத்துவிட்டுச் சென்றிருக்கக்கூடும்.

பாதியில் நின்ற நிறுவல்

இணைப்பு அறுந்தோ, வழங்கி அணைந்தோ நிறுவல் இடையில் நின்றால், பொதிகள் விரிக்கப்பட்டும் அமைக்கப்படாமலும் இருக்கும். 'டிபிகேஜி --ஆடிட்' அவற்றைக் காட்டும். 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' விட்ட இடத்திலிருந்து தொடரும். தொலைவிலிருந்து பெரிய மேம்படுத்தல் செய்யும்போது டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் அமர்வுக்குள் செய்தால் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

அமைவு மீண்டும் மீண்டும் தோற்றால், திரையில் 'டிபென்டென்சி பிராப்ளம்ஸ்' என்று வந்தாலும் மூல காரணம் சார்பே அல்லாமல் இருக்கலாம். ஓர் எடுத்துக்காட்டு: உபுண்டு 18.04இலிருந்து 20.04க்கு மாறும்போது மைஎஸ்கியூஎல் 5.7 என்பது 8.0 ஆகிறது. 8.0இல் வினவல் தேக்ககம் நீக்கப்பட்டது. பழைய அமைப்புக் கோப்பில் 'கொரி_கேஷ்_சைஸ்' என்ற வரி இருந்தால் புதிய தரவுதளச் சேவை தொடங்காது. தொடங்காததால் பொதியின் அமைவு தோற்கும். அதைச் சார்ந்த பொதிகளும் அமைக்கப்படாமல் நிற்கும். பார்ப்பவருக்கு இது சார்புச் சிக்கல்போலவே தெரியும். சரிசெய்ய வேண்டியதோ அமைப்புக் கோப்பில் உள்ள ஒரு வரி. ஆகவே திரையின் கடைசி வரியைவிட முதலில் வந்த பிழையைத் தேட வேண்டும். முழு வெளியீடும் /வார்/லாக்/ஆப்ட்/டெர்ம்.லாக் கோப்பில் இருக்கும்.

இடமின்மை இன்னொரு பழைய எதிரி. /பூட் தனிப் பிரிவாக உள்ள வழங்கிகளில் பழைய கருனல்கள் சேர்ந்து அது நிரம்பிவிடும். புதிய கருனல் பாதியில் நிற்கும். பழையதை நீக்க 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' இட்டால், முதலில் உடைந்த சார்பைச் சரிசெய் என்று ஆப்ட் மறுக்கும்; சரிசெய்யவோ இடம் இல்லை. இந்தச் சுழலிலிருந்து வெளியேற ஆப்டைத் தாண்டிக் கீழ் அடுக்குக்குச் செல்ல வேண்டும். 'யுநேம் -ஆர்' மூலம் இப்போது ஓடும் கருனலை அறிந்து, அதைத் தொடாமல், பழைய கருனல் பொதி ஒன்றை 'டிபிகேஜி --பர்ஜ்' கொண்டு நேரடியாக நீக்கினால் மூச்சுவிட இடம் கிடைக்கும். பிறகு ஆப்ட் தன் வேலையைத் தொடரும். வட்டில் இடம் இருந்தும் இடமில்லை என்று பிழை வந்தால் 'டிஎஃப் -ஐ' இட்டுப் பார்க்க வேண்டும். கருனல் தலைப்புப் பொதிகளில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ளன. பல பதிப்புகள் சேர்ந்தால் ஐநோடுகள் தீர்ந்துபோகும்.

பூட்டுக் கோப்பு பற்றி ஒரு வார்த்தை. வேறு செயல்முறை பூட்டைப் பிடித்திருக்கிறது என்று செய்தி வந்தால், அந்தக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரை இணையமெங்கும் கிடைக்கிறது. அதைப் பின்பற்றக் கூடாது. பெரும்பாலும் தானியங்கி மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருக்கும்; சில நிமிடம் காத்திருந்தால் போதும். பூட்டை அழித்து இரண்டு நிறுவல்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் பதிவேடே சிதையக்கூடும். அப்படிச் சிதைந்தால் /வார்/பேக்கப்ஸ் அடைவில் ஸ்டேட்டஸ் கோப்பின் அண்மைய படிகள் இருக்கும்.

களஞ்சியக் கலப்பு

ஒரு வெளியீட்டில் இன்னொரு வெளியீட்டின் பொதிகளைக் கலப்பதே உடைப்புக்கு முதன்மையான காரணம். இப்படிக் கலந்த அமைப்பை டெபியன் சமூகத்தினர் ஃபிராங்கன்டெபியன் என்று கேலியாக அழைப்பர். அண்மைக் காலத்தில் அதிகம் பேரைத் தடுமாற வைத்தது லிப்எஸ்எஸ்எல்1.1. உபுண்டு 20.04 ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1ஐக் கொண்டிருந்தது, 22.04 பதிப்பு 3.0க்கு மாறியது. பழைய வெளியீட்டுக்குக் கட்டப்பட்ட வெளிப் பொதிகள் 22.04இல் இந்தச் சார்பைக் கேட்டு நின்றன. பழைய களஞ்சியத்திலிருந்து அந்தக் கோப்பை மட்டும் இறக்கிக் கையால் நிறுவுவது எளிய வழி. பிழையும் மறையும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. கையால் வைத்த நூலகத்தை 22.04இன் மேம்படுத்தல்கள் தொடுவதும் இல்லை. குறியாக்க நூலகம் ஒன்றை இப்படி விட்டுவைப்பது, வழங்கியில் திறந்த கதவை வைப்பதற்குச் சமம். 22.04க்கெனக் கட்டப்பட்ட பொதியைத் தேடுவதும், இல்லையெனில் அந்த மென்பொருளை டாக்கர் கொள்கலனுக்குள் ஓட்டுவதும் சற்றுக் கூடுதல் வேலைதான், அதுவே சரியானது.

ஆம் என்று சொல்லும் முன்

ஆப்ட் எல்லாச் சார்புகளையும் எப்படியாவது பொருத்தப் பார்க்கும். பொருந்தாத பொதிகளை நீக்கிவிடுவதும் அதற்கு ஒரு தீர்வே. 2021இல், கனடாவைச் சேர்ந்த யூடியூப் படைப்பாளர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் கணினியில் ஸ்டீம் நிறுவ முயன்றார். களஞ்சியத்தில் சில பொதிகளின் பதிப்புகள் அப்போது ஒத்துப்போகவில்லை. இன்றியமையாத பொதிகள் நீக்கப்படும் என்று ஆப்ட் எச்சரித்து, 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று தட்டச்சு செய்யக் கேட்டது. அவர் செய்தார், வரைகலை மேசைச்சூழல் முழுவதும் நீங்கியது. எச்சரிக்கையைக் கவனிக்காதது அவர் பிழையா, நிறுவல் கேட்டதற்கு நீக்கலை முன்வைத்தது கருவியின் பிழையா என்ற விவாதம் நீண்ட நாள் நடந்தது. 2021 நவம்பரில் ஆப்ட் 2.3.12 பதிப்பில் அந்தச் சொற்றொடர் வழி மூடப்பட்டு, தனித் தெரிவு கொடுத்தால் மட்டுமே இன்றியமையாத பொதிகளை நீக்க இயலும் என மாற்றப்பட்டது.

இந்தக் காப்பு இன்றியமையாதவை எனக் குறிக்கப்பட்ட பொதிகளுக்கு மட்டுமே. என்ஜின்எக்ஸ், போஸ்ட்கிரெஸ், ஏன், எஸ்எஸ்ஹெச் சேவைகூட அந்தப் பட்டியலில் இல்லை. எனவே வழங்கியில் எந்தச் சீரமைப்புக் கட்டளைக்கும் முதலில் '-எஸ்' தெரிவைச் சேர்த்து ஒத்திகை பார்க்க வேண்டும். அதில் 'ரிமூவ்' என்று தொடங்கும் வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். கேள்வி கேட்காமல் ஓட '-ஒய்' சேர்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடலாம். மெய்நிகர் வழங்கி என்றால் ஒரு நிலைப்படம் எடுத்துக்கொள்வதும், தரவுதளத்தின் படியை வேறிடத்தில் வைப்பதும் வேலையைத் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ரெட் ஹேட் வகை வழங்கிகளில்

ஃபெடோரா, ராக்கி, அல்மா ஆகியவற்றில் டிபிகேஜியின் இடத்தில் ஆர்பிஎம், ஆப்டின் இடத்தில் டிஎன்எஃப் உள்ளன. 'டிஎன்எஃப் செக்' உடைந்த சார்புகளைப் பட்டியலிடும். இங்கே ஒரு வசதி கூடுதல்: டிஎன்எஃப் ஒவ்வொரு நிறுவலையும் எண்ணிட்டுப் பதிவு செய்கிறது. 'டிஎன்எஃப் ஹிஸ்டரி' மூலம் எண்ணைக் கண்டு, 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ' என்பதுடன் அதைக் கொடுத்தால் அந்த மாற்றம் மட்டும் பின்வாங்கப்படும். பழைய பதிப்புகள் களஞ்சியத்தில் இன்னும் இருந்தால்தான் இது நடக்கும்.