கட்டியில் பாதி உப்பு

சூப் கட்டி, சூப் பொடி, ரசப் பேஸ்ட் என்று திருப்பதியிலும் சித்தூரிலும் மளிகைக் கடைச் சரங்கள் நீண்டுகொண்டே போகின்றன. ருசி உறையின் முன்பக்கத்தில் படமாக இருக்கிறது. சோடியம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில்.

திருப்பதி காந்தி ரோடு மளிகைக் கடைகளில் ஷாம்பு, காபித்தூள் சரங்களுக்கு நடுவே இப்போது இன்னொரு சரமும் தொங்குகிறது. விரல் நுனி அளவுக் கட்டிகள், ஒரு கோப்பை சூப்புக்கான உறைகள், வெந்நீர் ஊற்றினால் ரசமாகிவிடும் என்று சொல்லும் பாக்கெட்டுகள். வாங்குபவர்களில் விடுதி மாணவர்கள் உண்டு, வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண்கள் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் உண்டு. ராத்திரி சோற்றைக் குறைத்துக்கொண்டு ஒரு டம்ளர் சூப் குடித்தால் உடம்புக்கு இதம் என்பது அவர்கள் கணக்கு. மாத்திரை எதைக் குறைக்கப் பார்க்கிறதோ அதையே அந்த டம்ளர் ஏற்றிவிடக்கூடும் என்பது உறையின் முன்பக்கத்தைப் பார்த்தால் தெரியாது.

பின்பக்கத்தில் தெரியும், ஆனால் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். உணவுப் பொட்டலத்தில் இருக்கவேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்கின்றன இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதிகள். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை. சேர்க்கவேண்டிய கட்டாயமும் இல்லை. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர் சித்தூர். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்குமாகப் புழங்கும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். உப்புக்கு இரண்டு மொழியிலும் உப்பு என்றுதான் பெயர். ஆனால் பொட்டலத்தில் அது 'சோடியம்' என்று ஆங்கிலத்தில், மில்லிகிராம் கணக்கில் வருகிறது.

அந்த வரிகூட 2020-ம் ஆண்டு விதிகளுக்குப் பிறகுதான் கட்டாயமானது. அதற்கு முன் கலோரி, புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சொன்னால் போதும். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு பொட்டலங்களில் சத்து அட்டவணை இருக்கவேண்டியதில்லை. அவற்றை அடக்கிய பெரிய பெட்டியில் இருந்தால் போதும். சரத்திலிருந்து ஒற்றைக் கட்டியைக் கிழித்து வாங்குபவர் அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை.

கட்டிக்குள் அப்படி என்ன இருக்கிறது? எலும்பையோ காய்கறியையோ மணிக்கணக்கில் கொதிக்கவைத்து வடித்த சாறுதான் சூப்புக்கு அடிப்படை. ஹோட்டல் சமையலறைகளில் அதை ஸ்டாக் என்பார்கள். இந்தச் சாற்றைச் சுண்டவைத்துப் புட்டியில் அடைக்கும் யோசனையை 1847-ல் சொன்னவர் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் யுஸ்டுஸ் வான் லீபிக். அப்போது அது இறைச்சிச் சத்து, விலையும் அதிகம். 1908-ல் சுவிட்சர்லாந்தில் ஜூலியஸ் மாகியின் கம்பெனி கட்டியைக் கொண்டுவந்தபோது சாறு ஏழைக்கும் எட்டியது. கட்டி இறுகி நிற்கவும், கெடாமல் இருக்கவும், மலிவாகவும் உதவும் ஒரு பொருள் அதில் முதலிடம் பிடித்தது. உலகம் முழுக்க விற்கும் சாதாரண சூப் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி எடை உப்புதான். மிச்சத்தில் எண்ணெய் அல்லது கொழுப்பு, மாவு, சர்க்கரை, சுவையூட்டிகள், மசாலா. பெயரில் இருக்கும் கோழியோ காய்கறியோ பல கட்டிகளில் கடைசியில்தான் வருகிறது. உட்பொருள் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் எழுதவேண்டும் என்பது விதி. ஆகவே அட்டவணை புரியாவிட்டாலும் பட்டியலின் முதல் சொல்லைப் பார்த்தால் போதும். அது உப்பு என்றால் வாங்குவது உப்பு.

என்ன விலைக்கு? 4 கிராம் கட்டி 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ 1,250 ரூபாய் ஆகிறது. அதில் பாதி உப்பு. கிலோ 30 ரூபாய் பக்கம் கிடைக்கும் உப்பு அது. ஐந்து ரூபாய்தானே என்று தோன்றுவதால் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. பெரிய பொட்டலங்களில் கிராமுக்கு என்ன விலை என்றும் அச்சிடவேண்டும் என்று எடையளவு விதிகளில் 2021-ல் திருத்தம் வந்தது. இரண்டு பிராண்டுகளை ஒப்பிட அந்தச் சின்ன எண்தான் உதவும். அட்டைப் பெட்டியில் திரவமாகவே வரும் ஸ்டாக் சென்னை, பெங்களூர் பெரிய கடைகளில் கிடைக்கிறது. ருசியில் கட்டியைவிட மேல். ஆனால் பெரும்பகுதி தண்ணீருக்குக் கொடுக்கும் விலை என்பதால் அன்றாடச் சமையலுக்குக் கட்டுப்படியாகாது.

இனி உடம்புக் கணக்கு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவாக, அதாவது 5 கிராம் உப்புக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியும் அதே 5 கிராமைத்தான் சொல்கிறது. 4 கிராம் கட்டியில் 2 கிராம் உப்பு என்றால் சுமார் 800 மில்லிகிராம் சோடியம். ஒரு நாள் அளவில் 40 சதவீதம். நான்கு பேருக்கான குழம்பில் ஒரு கட்டி போட்டால் தலைக்கு 200 மில்லிகிராம்தான், அதில் பயமில்லை. வழக்கமாகப் போடும் உப்பையும் பழக்கதோஷத்தில் போட்டுவிடுவதுதான் தவறு.

சூப் பொடி உறைகளில் வேறு வகை ஏமாற்றம் காத்திருக்கிறது. உதாரணத்துக்கு, 100 கிராம் பொடியில் 5,000 மில்லிகிராம் சோடியம், ஒருவர் பங்கு 12 கிராம் என்று ஓர் உறை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்குக்கு 600 மில்லிகிராம், நாள் அளவில் 30 சதவீதம். ஆனால் அந்தப் பங்கு சுமார் 150 மில்லி கொண்ட சின்னக் கிண்ணம். வீட்டு டம்ளர் அதைவிடப் பெரியது. நான்கு பேருக்கு என்று அச்சிட்ட உறையை இரண்டு பேர் குடித்துவிட்டால் ஆளுக்கு 1,200 மில்லிகிராம். அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு, ஊறுகாய், அப்பளம். ஆந்திர ஊறுகாயைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

சில உறைகளில் எண் பொடிக்கு. சிலவற்றில் தயாரித்த சூப்புக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான பிராண்ட்தான் நல்லதாகத் தெரியும். 'ஒரு பங்குக்கு' என்ற பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, மில்லிகிராமை இரண்டரையால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் எத்தனை கிராம் உப்பு என்று வந்துவிடும். டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2019 டிசம்பரில் 33 வகைப் பாக்கெட் தின்பண்டங்களையும் துரித உணவுகளையும் பரிசோதித்து வெளியிட்ட அறிக்கையில் சிப்ஸ், நூடுல்ஸோடு உடனடி சூப்பும் குற்றவாளிக் கூண்டில் நின்றது. சூப்பை யாரும் நொறுக்குத்தீனியாக நினைப்பதில்லை என்பதுதான் அதற்குச் சாதகம்.

முன்பக்கத்திலேயே எச்சரிக்கை தேவை என்ற பேச்சு பல வருடங்களாக நடக்கிறது. 2022 செப்டம்பரில் ஆணையம் நட்சத்திர மதிப்பீட்டு வரைவை வெளியிட்டது. 2024 ஜூலையில் உப்பு, சர்க்கரை, பூரிதக் கொழுப்பு அளவுகளைத் தடித்த எழுத்தில் போடும் யோசனைக்கு ஒப்புதல் அளித்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது.

ருசி விஷயத்தில் ஜனங்களின் பயம் வேறு திசையில் இருக்கிறது. 2015-ல் நூடுல்ஸ் சர்ச்சை வெடித்த பிறகு மோனோசோடியம் குளூட்டமேட் என்றாலே பலருக்கு விஷம். அஜினோமோட்டோ இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்பவர்கள் உப்பு எவ்வளவு என்று கேட்பதில்லை. உண்மையில் குளூட்டமேட்டில் சோடியம் எடையில் 12 சதவீதம்தான். சாப்பாட்டு உப்பில் 39 சதவீதம். மாகி கட்டி வந்த அதே 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த இந்தச் சுவை, உப்பைக் குறைத்தும் ருசியைக் காப்பாற்ற உதவும். பட்டியலில் 621 என்ற எண் இருந்தால் அது குளூட்டமேட். 627, 631 இரண்டும் அதன் கூட்டாளிகள். 621 இல்லாமல் 'நீராற்பகுத்த காய்கறிப் புரதம்' என்று இருந்தாலும் உள்ளே வருவது குளூட்டமேட்தான்.

இயற்கையில் அது நிறைய இருக்கும் பொருள்களில் ஒன்று பழுத்த தக்காளி. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனபள்ளி, நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. விலை சரிந்தால் விவசாயிகள் கூடை கூடையாகச் சாலையில் கொட்டிவிட்டுப் போவதும், 2023 ஜூலையில் நடந்ததுபோல் கிலோ 100 ரூபாயைத் தாண்டி நாடே அலறுவதும் இங்கேதான். தக்காளியின் சதையைவிட விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பில்தான் குளூட்டமேட் அதிகம். விதையை எடுத்துவிட்டு சூப் செய்யும் சமையல் குறிப்புகள் ருசியையும் சேர்த்தே எறிந்துவிடுகின்றன.

தக்காளியோடு இந்தப் பக்கத்து அடுப்பில் ஸ்டாக்கும் எப்போதோ இருந்திருக்கிறது, பெயர்தான் வேறு. வெந்த பருப்பிலிருந்து இறுத்த தண்ணீருக்குத் தெலுங்கில் கட்டு என்று பெயர். அதில் வைப்பது கட்டுச்சாரு. சாரு என்பது நம் சாறுதான். வைணவ வீடுகளில் சாற்றமுது. கொள்ளு வேகவைத்த தண்ணீர் இன்னும் கெட்டியான, கறுத்த சாற்றைத் தரும். உலவச்சாரு என்று அதுவே இப்போது பாக்கெட்டிலும் வந்துவிட்டது. துவரம்பருப்பு கிலோ 150 ரூபாய் என்று வைத்தாலும் 50 கிராமுக்கு ஏழரை ரூபாய். நான்கு டம்ளர் தண்ணீரில், இரண்டு பழுத்த தக்காளி, நாலு பல் பூண்டு, கொத்தமல்லித் தண்டு போட்டு வேகவிட்டு இறுத்தால் நான்கு பேருக்கான சாறு. பருப்பு எங்கும் போய்விடவில்லை, கூட்டுக்கு ஆகிறது. சோடியம் என்று பார்த்தால் கடைசியில் நாம் போடும் உப்பு மட்டும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் இருக்கும். அசைவ வீடுகளில் கோழிக் கழுத்தும் முதுகெலும்பும் இதே வேலையைச் செய்யும்.

நேரம்தான் இல்லை என்பவர்களுக்கு நடுவழியும் உண்டு. ரசப்பொடியும் ரசப் பேஸ்ட்டும் ஒரே அலமாரியில் இருந்தாலும் ஒரே சாதி அல்ல. மிளகு, சீரகம், மல்லி, துவரம்பருப்பு அரைத்த பொடிகளில் பலவற்றில் உப்பு கிடையாது, அல்லது கொஞ்சம்தான். பேஸ்ட்டிலும், வெந்நீர் ஊற்றும் உடனடி ரசத்திலும் புளியோடு உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும். பேஸ்ட் கெடாமல் இருப்பதே அதனால்தான். பொடியை வாங்கினால் உப்பு நம் கையில். பேஸ்ட்டை வாங்கினால் கம்பெனியின் கையில்.

திருப்பதியில் சைவ அடையாளம் பார்த்து வாங்குபவர்கள் அதிகம். பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம் என்பது ஒன்றுதான் மொழி தெரியாமலே படிக்க முடிகிற குறி. கோழிக் கட்டியும் மசாலாக் கட்டியும் ஒரே கம்பெனியிலிருந்து ஒரே மாதிரி உறையில் வருவதால் அதைப் பார்ப்பது நல்லது. ஆனால் பச்சை வட்டம் உப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 'குறைந்த சோடியம்' என்று உரிமை கொண்டாட 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கக்கூடாது என்பது 2018-ம் ஆண்டு விதி. சாதாரண சூப் கட்டி அதன் பக்கத்தில்கூட வராது. 'முன்பைவிடக் குறைவு' என்று சொல்வது வேறு. எதைவிடக் குறைவு என்று பார்க்கவேண்டும்.

உப்பைக் குறைத்த பொருள்கள் சிலவற்றில் அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது நல்லதே. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் வீட்டு உபயோகத்துக்கு இத்தகைய மாற்று உப்பைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது இதயத்துக்கே ஆபத்து. ரத்த அழுத்த மாத்திரைகளிலும் சில வகை பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். பட்டியலில் 508 என்ற எண் இருந்தால் அது பொட்டாசியம் குளோரைடு. டாக்டரிடம் உறையையே காட்டிவிடலாம்.

இவ்வளவுக்கும் பிறகு கட்டி வாங்குவது பாவமா என்றால் இல்லை. தனியாக இருப்பவருக்கும், மின்கெட்டில் மட்டுமே உள்ள விடுதி அறைக்கும் அது சௌகரியம். கட்டியை முதலில் கரைத்து, காய் வெந்த பிறகு ருசி பார்த்து, வேண்டுமானால் மட்டும் உப்பு போடலாம். நான்கு பேர் சமையலில் அரைக் கட்டி, இரண்டு தக்காளி, ஒரு கைப்பிடி பருப்புத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் நாக்குக்குத் தெரிவதில்லை. சரத்திலிருந்து ஒற்றையாகக் கிழிக்காமல் பெட்டியாக வாங்கினால் அட்டவணையும் வீட்டுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கும் பேரனோ பேத்தியோ அதைப் படித்துச் சொல்லிவிடுவார்கள்.