ஒரு கைத்துப்பாக்கியின் பிறப்பத்தாட்சி

முதலாம் மகாயுத்தத்தில் ஜேர்மனியரோடு பொருது மீண்ட பிரித்தானியச் சிப்பாய்கள் வெறுங்கையுடன் வீடு திரும்பினாரல்லர். இரும்புத் தொப்பி, பதக்கம், இடைவார் என்று அகப்பட்டவற்றையெல்லாம் ஞாபகார்த்தமாகக் கொண்டு சென்றனர். அவற்றுள் அவர்கள் பெரிதும் விரும்பியது 'லூகர்' என்னும் கைத்துப்பாக்கி. இரண்டாம் மகாயுத்தத்திலும் இம்மோகம் தணியவில்லை. அமெரிக்கச் சிப்பாய்களும் சேர்ந்துகொண்டனர். ஆண்டுகள் கழிந்தன. சிப்பாய் முதியவராகி மறைந்தார். அவருடைய பழம்பெட்டியைத் திறந்த பேரப்பிள்ளைகள், எண்ணெய்த் துணியிற் சுற்றிய பொருளொன்றைக் கண்டு திகைக்கின்றனர். இஃது எங்கே, எப்போது செய்யப்பட்டது? இதனை வீட்டில் வைத்திருக்கலாமா? இவ்வினாக்களுக்கான விடை பெரும்பாலும் அந்த இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

விடை சிறிய விடயமன்று. 1996ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திலே டன்பிளேன் என்னும் ஊரில் பாடசாலைச் சிறுவர் பதினாறு பேரும் அவர்களுடைய ஆசிரியை ஒருவரும் கைத்துப்பாக்கிக்கு இரையாயினர். அதன்பின், 1997இல், பிரித்தானிய அரசாங்கம் கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1919ஆம் ஆண்டு பிறக்குமுன் செய்யப்பட்ட, சரித்திர மதிப்புள்ள துப்பாக்கிகளுக்கு, உரிய அனுமதிப்பத்திரமும் நிபந்தனைகளும் உண்டென்றால், ஒரு வாயில் திறந்து வைக்கப்பட்டது. ஆகவே ஆண்டை அறிவது பொழுதுபோக்கு மாத்திரமன்று. சட்டத்துக்கு உட்பட்டவராகவோ புறம்பானவராகவோ நம்மை ஆக்கிவிடுவதும் அதுவே.

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. லூகர் துப்பாக்கியில் ரவை தங்கும் அறையின் மேற்புறத்திலே ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் இரண்டு ஆண்டுகள் காணப்படும்: மேலே 1920, கீழே 1917. பார்த்தவர் இது 1920இற் செய்யப்பட்டது என்று முடிவு கட்டிவிடுவார். அது தவறு. யுத்தத்திலே தோற்ற ஜேர்மனி, வேர்சேய் உடன்படிக்கையின்படி ஓர் இலட்சம் பேருக்கு மேற்பட்ட தரைப்படை வைத்திருத்தல் ஆகாது. எஞ்சிய துப்பாக்கிகள் அரசாங்கத்தின் உடைமையே என்று காட்டுதற்கு மேலே அடித்த முத்திரைதான் 1920 என்பது. பிறந்த ஆண்டு கீழே உள்ள 1917.

இத்துப்பாக்கியின் வரலாறு 1893இல் ஹியூகோ போர்ச்சார்ட் என்பவர் அமைத்த கருவியோடு தொடங்குகிறது. அது நன்றாகச் சுட்டது. ஆயினும் பெருத்த உடம்பும் பின்னே துருத்திய வாலுமாகக் கைக்கு அடங்காதிருந்தது. ஒஸ்திரியாவிற் பிறந்த கேயோர்க் லூகர் அதனைச் செதுக்கிச் சீராக்கினார். சுவிற்சலாந்துப் படை 1900இலும், ஜேர்மன் கடற்படை 1904இலும், தரைப்படை 1908இலும் அதனை ஏற்றுக்கொண்டன. அதன் பூட்டு நமது முழங்காலைப் போன்றது. காலை நீட்டி நின்றால் பாரத்தைத் தாங்குகிறோம். பின்னாலிருந்து மெல்லத் தட்டினாலோ மடங்கி விழுகிறோம். அவ்வாறே வெடித்த கணத்திற் குழலும் பூட்டும் ஒன்றாகச் சிறிது பின்வாங்க, பூட்டின் மூட்டு மேல்நோக்கி மடங்கி, வெற்றுக் கோதை எறிந்து, மீண்டும் நிமிரும்போது அடுத்த ரவையை உள்ளே தள்ளிவிடுகிறது. கொல்லும் கருவியே என்றாலும், அதன் வேலைப்பாட்டை நாம் வியவாதிருக்க முடியவில்லை.

தரைப்படையின் சாதாரண லூகர் சுமார் 100 மில்லிமீற்றர் குழல் உடையது, கடற்படையினது 150, பீரங்கிப் படையினது 200. செய்தவர் யாரென்பதையும் முத்திரை சொல்லும். பேர்லினிலிருந்த தனியார் தொழிற்சாலை மூன்றெழுத்துகளைப் பின்னிய சின்னத்தையும், ஏர்பூர்ட் அரசாங்க ஆயுதசாலை முடியின் கீழே தன் ஊர்ப் பெயரையும் பொறித்தன. ஏர்பூர்ட்டில் மேற்பார்வையாளர்கள் சின்னஞ்சிறு உறுப்புகளைக்கூட விடாது முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஹிட்லர் இரகசியமாகப் படை திரட்டிய நாளில் மௌசர் தொழிற்சாலை தன் பெயரை மறைத்து 'எஸ்/42' என்று இட்டது, ஆண்டையும் மறைத்தது. 'கே' என்றால் 1934. 'ஜி' என்றால் 1935. மறுவருடமே வெட்கம் விட்டுப்போயிற்று. ஆண்டு வெளிப்படையாக வந்தது.

எண்ணைப் படிப்பதிலும் நுட்பம் உண்டு. ஆண்டுதோறும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். பத்தாயிரம் நிறைந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி 'ஏ', 'பி' என எழுத்துச் சேர்ப்பர். எனவே ஒரே எண்ணுடைய துப்பாக்கிகள் பல உலாவும். செய்தவர், ஆண்டு, எண், எழுத்து ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தாலன்றி ஆளை அடையாளங் காண முடியாது. முழு எண் உடலிலும் குழலிலும் இருக்க, அதன் கடைசி இரு இலக்கங்கள் விசை முதலிய சிற்றுறுப்புகளிலும் இருக்கும். எல்லாம் ஒத்திருந்தால் விலை உயரும். ஒன்று மாறினாலும் விழும்.

விலை உயருமிடத்திற் கள்ளனும் வருவான். மாறிய எண்ணை அராவிப் புதிதாகக் குத்துவதும், தேய்ந்த உடலுக்குக் கருநீலம் ஏற்றுவதும் அவன் தொழில். 1937 வரை செய்த லூகர்களில் விசை, பாதுகாப்பு நெம்பு போன்ற சிற்றுறுப்புகள் வைக்கோலின் பொன்னிறம் காட்டும். அவையும் கருநீலமாயிருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம். எழுத்தைக் குத்தும்போது ஓரத்து உலோகம் மெல்ல எழும்பும். அந்த விளிம்பு மழுங்கி எழுத்து ஆழமற்றுத் தோன்றினால், மெருகேற்றியவன் சரித்திரத்தையும் தேய்த்துவிட்டான் என்க.

லூகருக்கு முன்னோனான மௌசர் 1896இனது. ரவைப் பெட்டி விசைக்கு முன்னே இருக்கும். பிடி துடைப்பக் காம்பு போன்றது. தோளிற் காயம் இருந்தமையால் வாளை விடுத்து, 1898இல் ஓம்டுர்மன் போரிற் சேர்ச்சில் ஏந்தியது இதனையே. லூகர்கள் போதாமற்போகவே, முதலாம் யுத்தத்தில் ஜேர்மன் படை 9 மில்லிமீற்றர் ரவைக்கேற்ற மௌசர் 150,000 வேண்டுமெனக் கட்டளையிட்டது. பழைய மௌசரின் அளவு 7.63. சிப்பாய் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடாதிருக்க, மரப்பிடியில் ஒன்பதைப் பெரிதாகக் குடைந்து செந்நிறம் தீட்டினர். செவ்வொன்பது என்றே சேகரிப்போர் அதனை அழைக்கின்றனர்.

பெட்டியைத் திறந்த பேரப்பிள்ளைகள் இவற்றையெல்லாம் தேடுமுன் பார்க்கவேண்டிய சொல் வேறொன்று. லூகரின் அறையில் ரவை இருக்குமாயின், மேலேயுள்ள சிறு கொளுவி எழும்பி, அதன் இடப்பக்கத்திலே 'கெலாடன்' என்ற ஜேர்மன் சொல்லைக் காட்டும். 'ரவை உண்டு' என்பது பொருள். அச்சொல் தெரியாவிட்டாலும் ரவை இல்லையென்று நம்பிவிடலாகாது. தேர்ந்தவர் ஒருவர் அறையைத் திறந்து பார்த்தல் வேண்டும். கழற்றி ஆராய்வோம் என்று முனைவது பெரும் பிழை. குழலையும் பூட்டையும் உடலிலிருந்து பிரித்தெடுத்த பின்னரும், உள்ளே ரவையிருந்தால், பக்கத்திலுள்ள சிறு தகட்டில் விரல் அழுந்தினாற் போதும். விசையும் பிடியும் இல்லாமலே அது வெடிக்கும். துடைக்கக் கழற்றிய பொலிஸாருக்கே இவ்விபத்து நேர்ந்தமையால், 1930களிலே ஜேர்மன் பொலிஸ் லூகர்களில் அத்தகட்டை அசையவிடாத தடையொன்று பொருத்தப்பட்டது. படைவீரரின் லூகர்களில் அது கிடையாது. பெட்டியிற் கிடப்பது பெரும்பாலும் படைவீரருடையதே.