ஜவ்வாது மலையிலிருந்து சென்டாரஸ் ஏ விண்மீன் மண்டலத்தை நோக்குதலும் ஒளிப்படமாக்கலும்

முன்னுரை

ஆர்வநிலை வானியலாளர் எடுக்கும் ஒளிப்படம் கண்ணுக்கு இனிய காட்சியாக மட்டும் நிற்பதா, அறிவியல் சான்றாகவும் அமைவதா என்பது ஆராயத்தக்கது. சென்டாரஸ் ஏ எனப்படும் என்.ஜி.சி. 5128 மண்டலத்தை முன்னிறுத்தி இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

மண்டலத்தின் தனித்தன்மை

1826இல் ஜேம்ஸ் டன்லப் ஆஸ்திரேலியாவிலிருந்து இதனைக் கண்டறிந்தார். இது ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. நீள்வட்ட மண்டலங்களில் தூசி பொதுவாகக் குறைவு. இதிலோ அடர்ந்த தூசிப் பட்டை ஒன்று நடுவே குறுக்கிட்டு ஒளியை மறைக்கிறது. வளிமமும் தூசியும் மிக்க வேறொரு மண்டலத்தை இது தன்னுள் ஈர்த்துக்கொண்டதன் எச்சமே அப்பட்டை என்பர். ஹால்டன் ஆர்ப் 1966இல் வெளியிட்ட விந்தை மண்டலங்களின் படத்தொகுப்பில் இதன் எண் 153.

நோக்கிடத்தின் சிறப்பு

ஜவ்வாது மலையின் காவலூரில் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் வானாய்வுப் பணி தொடங்கிற்று. இன்று அது வைணு பாப்பு வானாய்வகம். காவலூர் வடக்கு 12.6 பாகை அகலாங்கில் உள்ளது. சென்டாரஸ் ஏ வான நடுவரைக்குத் தெற்கே 43 பாகையில் அமைந்துள்ளது. ஆகவே அது தென்திசையில் உச்சம் எய்தும்போது தொடுவானத்திற்கு மேல் 34 பாகை உயரத்தில் நிற்கும். லடாக்கின் ஹான்லேயில் இவ்வுயரம் 14 பாகையே. தென்வானப் பொருள்களை நோக்குவதில் இம்மலைக்குள்ள வாய்ப்பு இதனால் புலனாகும்.

படமெடுக்கும் முறை

ஏப்ரல் நடுவில் இம்மண்டலம் நள்ளிரவை ஒட்டி உச்சம் எய்துகிறது. ஒமேகா சென்டாரி எனும் கோளக விண்மீன் கொத்து வெறுங்கண்ணுக்கு மங்கிய புள்ளியாகத் தோன்றும். அதிலிருந்து வடக்கே சுமார் 4.5 பாகை நகர்ந்தால் மண்டலத்தை அடையலாம். உச்சநிலையிலும் அதன் ஒளி, தலைக்கு நேர்மேலுள்ள பொருளின் ஒளியைவிட 1.8 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. எனவே உச்சத்திற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்திற்குள் படமெடுப்பதே தக்கது. ஒரே நீண்ட பதிவைவிடக் குறும்பதிவுகள் பலவற்றை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது நலம். காற்றால் அல்லது செயற்கைக்கோள் தடத்தால் கெட்டவற்றை நீக்கிவிடலாம். மூடியிட்டு எடுத்த இருட்பதிவும், சீரொளிப் பரப்பை நோக்கி எடுத்த பதிவும் கருவியின் குறைகளைக் களைய உதவும்.

படம் சான்றாதல்

1986 மே மாதத்தில் இம்மண்டலத்தின் தூசிப் பட்டையில் ஒரு மீவிண்மீன் வெடிப்பை ராபர்ட் எவன்ஸ் கண்டறிந்தார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அவர் ஆர்வநிலை வானியலாளரே. மண்டலங்களின் வழக்கமான தோற்றத்தை நன்கறிந்திருந்தமையால் புதிய புள்ளியை அவரால் இனங்காண முடிந்தது. ஒளிப்படத்தின் பயனும் இவ்வொப்பீட்டிலேயே உள்ளது. நாள், நேரம், கருவி, பதிவுக்காலம், வடிகட்டி ஆகியவை குறிக்கப்படாத படம் பிந்தைய படத்தோடு ஒப்பிட உதவாது. தோற்றப் பொலிவுக்காக மாறுபாடு கூட்டப்பட்ட படத்தில் ஒளியளவு சிதைவதால், திருத்தப்படாத மூலக்கோப்பைத் தனியே காத்தல் வேண்டும்.

முடிவுரை

ஜவ்வாது மலையின் அகலாங்கு தென்வானத்தைக் காணும் வாய்ப்பை அளிக்கிறது. அவ்வாய்ப்பைச் சான்றாக்குவது முறையான குறிப்பே. ஒரே மண்டலத்தை ஆண்டுதோறும் ஒரே முறையில் பதிவுசெய்யும் சிறு தொலைநோக்கியும் ஆய்வுக்குப் பயன்படும்.