இரு கற்சொற்களின் பிறப்பு

விக்கிரவாண்டி அமைந்த விழுப்புரம் மாவட்டத்துக் கருங்கல் வகைகளுள் ஒன்றை நிலவியலார் 'சார்னோக்கைட்டு' என்பர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை 1893-இல் ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அவர் பெயரையே அப்பாறைக்கு இட்டார். ஆகவே அச்சொல் கல்லின் இயல்பை உணர்த்துவதன்று; ஒருவர் பெயரைத் தாங்குவது.

'கொரண்டம்' என்பதன் நிலை வேறு. மோஸ் கடினஅளவில் வைரம் 10 ஆக, இக்கனிமம் 9. மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே. ஆங்கிலத்தில் வழங்கும் இப்பெயர் 'குருந்தம்' என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபாகும்.

முன்னதை ஒலிபெயர்த்துக் கோடல் தகும். பின்னதையும் அவ்வாறே கொள்வோமாயின், நம் சொல்லையே திரிந்த வடிவிற் கடனாகப் பெற்றவராவோம். ஆதலின், கலைச்சொல் ஆக்குவோர் முதற்கண் சொற்பிறப்பை ஆராய்தல் வேண்டும் என்பது எம் துணிபு.